அஞ்சடி தூரத்துக்கு ஒரு லென்ஸ்

போர்ட்ரெய்ட் எடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம் என்று யார் கேட்டாலும் பதில் தயாராக இருக்கிறது: 85, அதாவது 85 மில்லிமீட்டர் லென்ஸ். கேட்டவரிடம் என்ன கேமரா இருக்கிறது, யாரைப் படம் எடுக்கப் போகிறார், எங்கே வைத்து எடுக்கப் போகிறார் என்று ஒருத்தரும் திருப்பிக் கேட்பதில்லை. யூடியூபிலும் இதைத்தான் சொல்கிறார்கள், கல்யாண மண்டபத்தில் இரண்டு கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடும் தம்பியும் இதைத்தான் சொல்கிறார். அக்கா மகன் போன வருஷம் வாட்ஸ்அப்பில், "மாமா, 85 வாங்கலாம்னு இருக்கேன். ஓகேதானே?" என்று கேட்டபோது நானும் ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். ஏனோ மனம் ஒப்பவில்லை. "கொஞ்சம் பொறு" என்று எழுதினேன். அந்தப் பொறுமை பல வாரம் இழுத்து, ஞாயிற்றுக்கிழமைக் குடும்பச் சாப்பாட்டில் எல்லாரும் அலுத்துப்போகும் அளவுக்கு விவாதமாகிவிட்டது.

அவன் பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. செகண்ட் ஹேண்டில் ஒரு ஃபியூஜி எக்ஸ்-டி30 வாங்கியிருந்தான், கூடவே வந்த 15-45 கிட் லென்ஸோடு. லென்ஸுக்கு ஒதுக்கியிருந்தது ஆயிரம் வெள்ளி, அதாவது ரிங்கிட். வார இறுதியில் கல்யாணம், நிச்சயதார்த்தம் என்று நாலு காசு பார்க்கலாம் என்பது அவன் கணக்கு. ஆனால் முதல் ஆர்டர் கொடுத்தவர் அவன் பாட்டி, அதாவது என் அம்மா. "என்னை நல்லா ஒரு படம் எடுத்து வை. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா ஐ.சி. படத்தைப் பேப்பர்ல போட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டார். மலேசியத் தமிழ்ப் பத்திரிகைகளில் நினைவஞ்சலிப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு அம்மாவின் கவலை புரியும். பாதிப் படங்கள் அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியவை. மீதியில் பாதி, யாருடைய கல்யாணப் படத்திலிருந்தோ வெட்டியெடுத்தவை, தோளில் இன்னொருவர் கை தெரிய. அம்மாவுக்கு அந்தக் கையும் வேண்டாம், ஐ.சி.யின் முறைப்பும் வேண்டாம்.

எனக்கு உறுத்தியது 85 என்ற எண் இல்லை. அந்த எண்ணுக்குள் ஒரு தூரம் ஒளிந்திருக்கிறது, அதைப் பற்றி யாருமே பேசுவதில்லை என்பதுதான். லென்ஸை வாங்கும்போது நாம் வாங்குவது ஒரு கண்ணாடிக் குழாயை மட்டுமல்ல. எதிரில் இருப்பவரிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்கப் போகிறோம் என்பதையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம்.

சரி, எண்ணை முதலில் முடித்துவிடலாம். 85 என்பது ஃபுல் ஃபிரேம், அதாவது பழைய 35 மி.மீ. பிலிம் அளவுச் சென்சார் உள்ள கேமராவின் வழக்கு. எண் ஏற ஏறப் பார்வைக் கோணம் குறுகும். எக்ஸ்-டி30 மாதிரி ஏ.பி.எஸ்-சி என்ற சிறிய சென்சார் உள்ள கேமராவில் அதே பார்வைக் கோணம் வேண்டுமானால் 1.5ஆல் வகுக்க வேண்டும்: 56 பக்கம் வரும். அதனால்தான் ஃபியூஜிக்கும் சிக்மாவுக்கும் வில்ட்ராக்ஸுக்கும் 56 என்று ஒரு விசித்திரமான எண் இருக்கிறது. கேனானின் சிறிய சென்சாருக்கு 1.6, ஒலிம்பஸ், பானாசோனிக்குக்கு 2. ஏ.பி.எஸ்-சியில் 85 மாட்டினால் அது கிட்டத்தட்ட 128 மாதிரி நடந்துகொள்ளும். இது இவனுக்குத் தெரியாமல் இல்லை. "தெரியும் மாமா. ஆனா இன்னும் நல்லாத்தானே பேக்ரவுண்ட் மங்கும்?" என்றான். அந்தக் கேள்விக்கு அப்புறம் வருகிறேன், ஏனென்றால் அதன் பதில் எனக்கே வியப்பாக இருந்தது.

எங்கள் வீட்டின் அகலம்

பட்டர்வொர்த்தில் அம்மா இருப்பது ஒற்றை மாடி தெரஸ் வீடு, பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு. முகப்பு 20 அடி, அதாவது 6 மீட்டர் சொச்சம். அதில் சுவர், அலமாரி, சோபா, பூஜை மேடை, டிவி எல்லாம் போக நடமாட இருப்பது எவ்வளவு என்று இந்த மாதிரி வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடுக்குமாடி வீடென்றால் இன்னும் நெருக்கம். 650 சதுர அடிக்குள் மூன்று அறையும் அடங்கியாக வேண்டும்.

இப்போது கணக்கைப் போடுங்கள். ஏ.பி.எஸ்-சி கேமராவை நிமிர்த்திப் பிடித்து, தலையும் தோளும் மட்டும் வருகிற மாதிரி, அதாவது 60 சென்டிமீட்டர் உயரம் படத்தில் அடங்குகிற மாதிரி எடுக்க, 56க்கு ஒன்றரை மீட்டர் தூரம் போதும். 85க்கு இரண்டே கால் மீட்டர். இதுவரை பிரச்சினை இல்லை. உட்கார்ந்திருப்பவரை மடியில் கோத்த கைகளோடு எடுக்க வேண்டுமென்றால், அதாவது ஒரு மீட்டர் உயரம் அடங்க வேண்டுமென்றால், 85 உங்களை 3.7 மீட்டருக்குத் தள்ளுகிறது. நிற்கிற ஆளை முழுசாக எடுக்க 6.6 மீட்டர். எங்கள் வீட்டின் அகலவாக்கில் அந்தப் படத்தை எடுக்க வேண்டுமானால் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் அனுமதி கேட்டு அவர் ஹாலில் நின்றுதான் எடுக்க வேண்டும், நடுச் சுவரையும் இடித்துவிட்டு.

85 நல்ல லென்ஸ் இல்லை என்று சொல்ல வரவில்லை. அது பிறந்து வளர்ந்த இடங்கள் வேறு: ஸ்டூடியோ, பூங்கா, அகலமான நடைபாதை, உயரமான மண்டபம். அந்த இடங்களில் வேலை செய்கிறவர்கள் சொல்லும் அறிவுரையை அப்படியே எடுத்து வந்து நம் ஹாலில் வைத்துப் பார்க்கிறோம். பொருந்தவில்லையென்றால் ஹாலைத்தான் குறை சொல்கிறோம்.

முகம் மாறுவது லென்ஸாலா?

"வைட் லென்ஸ்ல மூக்கு பெரிசாயிடும் மாமா" என்பது அவனுடைய இன்னொரு வாதம். இது பாதி உண்மை. மூக்கைப் பெரிதாக்குவது லென்ஸ் இல்லை, நெருக்கம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையில் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மீட்டரில் நின்று எடுத்தால், காதோடு ஒப்பிடும்போது மூக்கு 24 சதவீதம் பெரிதாக விழும். ஒன்றரை மீட்டருக்குப் போனால் அந்த வித்தியாசம் 8 சதவீதம். இரண்டே கால் மீட்டரில் 5 சதவீதம். அரை மீட்டரிலிருந்து ஒன்றரைக்குப் போகும்போது கிடைக்கிற லாபம் பெரிது. அதற்கு மேல் பின்னால் போய்க் கிடைப்பது சொற்பம். 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் செல்ஃபி பற்றி வெளியிட்ட ஆய்வு ஒன்றும் இதே பக்கம்தான் கை காட்டுகிறது: 12 அங்குலத் தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு, 5 அடியில் எடுத்ததைவிட சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று கணக்கிட்டார்கள். ஒப்பிட அவர்கள் வைத்துக்கொண்ட தூரத்தைக் கவனியுங்கள். 5 அடி, ஒன்றரை மீட்டர்.

ஜார்ஜ்டவுனில் நடந்தவர்களுக்கு அந்த 5 அடி காலுக்குப் பழக்கமான அளவு. கடைகளுக்கு முன்னால் நீளும் அஞ்சடியின் அகலம் அது. 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்தில் கடைவீடுகளுக்கு முன்னால் கூரையிட்ட நடைபாதை வேண்டும் என்று கட்டாயமாக்கினார். அந்தப் பழக்கம் இங்கேயும் வந்து நிலைத்துவிட்டது. லெபு பாசாரிலோ லெபு குவீனிலோ பூக்கட்டுகிறவரை, மசாலா கடை முதலாளியை, நடைபாதையின் ஒரு ஓரத்தில் நின்று எதிர் ஓரத்தில் இருப்பவரை எடுத்தால் நீங்கள் நிற்பது ஒன்றரை மீட்டரில்தான். அதற்கு மேல் பின்வாங்கினால் சாக்கடை, அதையும் தாண்டினால் மோட்டார் சைக்கிள். அந்த இடத்துக்கு 50ஓ 56ஓ சட்டை தைத்த மாதிரி உட்காரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

வாதம் ஓயாததால், அம்மாவையே வைத்துப் பார்த்துவிடலாம் என்று முடிவானது. அவன் நண்பனிடமிருந்து வில்ட்ராக்ஸ் 85 எஃப்1.8ஐ இரவல் வாங்கி வந்தான். (எஃப் எண் சிறிதாக இருந்தால் லென்ஸின் துவாரம் பெரிது: வெளிச்சம் அதிகம் வரும், பின்னணி அதிகம் மங்கும்.) அரைக் கிலோவைத் தாண்டும் எடை. அந்தச் சின்னக் கேமராவில் மாட்டியதும் முன்பக்கம் தொங்கியது. என்னிடம் ஃபியூஜியின் 50 எஃப்2 இருந்தது, 2017இல் வந்த லென்ஸ், 200 கிராம். சாப்பாடு முடிந்து, அம்மா நீலப் பட்டுக்கு மாறி, திருநீறு இட்டு, ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது.

முதலில் 85. கையும் மடியும் வர வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டதால் இவன் பின்னால் போனான், போனான், கிரில் கதவைத் தாண்டி ஒரு கால் டைல்ஸிலும் ஒரு கால் வாசற்படியிலுமாக நின்றான். அங்கிருந்து "பாட்டி, நேரா உக்காருங்க" என்றான். அம்மாவுக்கு இடது காது சரியாகக் கேட்காது. "என்னய்யா?" என்று கேட்டபடி முன்னால் குனிந்தார். "நேரா பாருங்க, ரிலாக்ஸா இருங்க." அம்மா இன்னும் குனிந்தார். போர்ச் கூரையில் மழை விழுகிற சத்தம் வேறு. அவன் குரலை உயர்த்த, அக்கா சமையலறையிலிருந்து "ஏன்டா பாட்டிகிட்ட கத்துற?" என்று கேட்க, நடுவில் அவன் படங்களை எடுத்துக்கொண்டே இருந்தான்.

கேமராவின் பின்திரையில் பார்த்தோம். கூர்மையில் ஒரு குறையும் இல்லை. கண்ணைத் தேடிப் பிடிக்கிற ஃபோகஸ் ஒவ்வொரு படத்திலும் இமை மயிர் வரை பிடித்திருந்தது. ஆனால் எல்லாப் படத்திலும் கழுத்து முன்னால் நீண்டிருந்தது. தாடை தூக்கி, கழுத்தின் இரண்டு நரம்பும் கயிறு மாதிரி புடைத்து, கண் சுருங்கி, உதட்டசைவைப் படித்துப் புரிந்துகொள்ள முயலுகிற ஒரு முகம். எனக்குத் தெரிந்த முகம்தான் அது. பேங்க் கவுண்டரில் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பேசுகிறவரைப் பார்க்கும்போது அம்மா வைத்துக்கொள்வது. அந்த முகத்தைக் கொண்டுவந்தது லென்ஸின் தரமோ வெளிச்சமோ இல்லை, 3.7 மீட்டர்.

அப்புறம் 50. பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் அம்மாவின் வலப்பக்கம், நல்ல காதின் பக்கமாக உட்கார்ந்தான். முழங்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடைவெளி. சாதாரணக் குரலில் பேசினான். அம்மா நாற்காலியில் சாய்ந்தார். பேச்சு கேட்பதால் குனிய வேண்டிய தேவையே இல்லை. கழுத்து உள்ளே போயிற்று, தோள் இறங்கிற்று. பேச்சு என்னவோ அவன் சம்பளத்தைப் பற்றித்தான், எவ்வளவு பிடித்தம் போகிறது, எவ்வளவு அக்காவிடம் கொடுக்கிறான் என்கிற விசாரணை. படத்தில் அம்மா கொஞ்சம் அதிகாரமாகவே இருக்கிறார். அவர் அப்படிப்பட்டவர்தான்.

அதில் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இன்னும் நெருங்கி ஒரு மீட்டருக்கு வந்து முகத்தை மட்டும் எடுத்தபோது, எஃப்2இல் கண் கூர்மையாக இருந்தது, ஆனால் ஏழு கல் மூக்குத்தி ஒரே வெள்ளைப் பொட்டாகக் கரைந்துவிட்டது. அந்தத் தூரத்தில் கூர்மை நிற்கும் ஆழம் 3 சென்டிமீட்டர்தான், அதிலும் பாதி கண்ணுக்குப் பின்னால் போய்விடும். துவாரத்தை எஃப்4க்குக் குறைத்ததும் ஆழம் இரண்டு மடங்கானது. கற்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து நின்றன, நடுக்கல்லைச் சுற்றியிருந்த தங்கப் பிடியும் தெரிந்தது. அந்த மூக்குத்தி அம்மாவின் கல்யாணத்துக்குத் தாத்தா செய்து போட்டது. அது வெள்ளைப் பொட்டாக இருக்கும் படத்தை அம்மா பேப்பரில் போட ஒத்துக்கொள்ளவே மாட்டார்.

இதில் காசு விஷயம் ஒன்று இருக்கிறது. போர்ட்ரெய்ட் லென்ஸில் விலை ஏறுவது பெரும்பாலும் எஃப் எண்ணில்தான். எஃப்2 ஒரு விலை, எஃப்1.4 அதற்கு மேல், எஃப்1.2 அதற்கும் மேல். முகத்துக்கு முகம் உட்கார்ந்து எடுக்கிறவர் கடைசியில் துவாரத்தை 2.8, 4 என்று குறைத்துத்தான் எடுக்கப் போகிறார் என்றால், 1.2க்குக் கொடுத்த காசு பைக்குள் தூங்கும்.

மங்கலுக்கு ஆசைப்பட்டு

இப்போது அவனுடைய பழைய கேள்விக்கு வருகிறேன். 85 என்றால் பின்னணி இன்னும் மங்கும் அல்லவா? திறந்த வெளியில், ஆமாம். எஸ்பிளனேடில் கடலைப் பின்னால் வைத்து எடுத்தால் மங்கலின் அளவை முடிவுசெய்வது லென்ஸின் துவார விட்டம். 85ஐ 1.8ஆல் வகுத்தால் 47 மில்லிமீட்டர், 56 எஃப்1.7 என்ற லென்ஸுக்கு 56ஐ 1.7ஆல் வகுத்தால் 33. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் நம் ஹாலில் பின்சுவர் இருப்பது அம்மாவுக்கு அதிகம் போனால் ஒன்றரை மீட்டர் பின்னால். முகத்தை ஒரே அளவில் வைத்துக்கொண்டு எடுத்தால், 85க்கு நாம் பின்னால் போக வேண்டியிருப்பதால் அதன் லாபம் பெரும்பாலும் அந்தத் தூரத்திலேயே கரைந்துவிடுகிறது. பின்சுவரில் உள்ள ஒரு ஒளிப்புள்ளி, முகத்தின் அளவில் வைத்துப் பார்த்தால், 85இல் 19 மில்லிமீட்டர் வட்டமாகும், 56இல் 16. அவ்வளவுதான். மூன்று மில்லிமீட்டர் மங்கலுக்காக ஒரு ஆளை வாசலுக்கு அனுப்புகிறோம்.

இதைவிட மலிவான வழி ஒன்று இருக்கிறது. நாற்காலியைச் சுவரிலிருந்து நகர்த்துவது. சுவருக்கு அரை மீட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவை ஒன்றரை மீட்டருக்கு நகர்த்தினால், அதே 56இல் மங்கல் 8 மில்லிமீட்டரிலிருந்து 16க்குப் போகிறது. இரண்டு மடங்கு, செலவு பூஜ்யம். சுவரில் முருகன் காலண்டர் இருந்தது. தேதி படிக்க முடியாமல் போனது, முருகனை மட்டும் அடையாளம் தெரிந்தது. அம்மாவுக்கு அதில் ரொம்பத் திருப்தி. முருகனும் சேர்ந்து மங்கிப்போயிருந்தால் இன்னொரு தடவை எடுக்கச் சொல்லியிருப்பார்.

பெரிய துவாரம் முதலில் வந்தது மங்கலுக்காக இல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். 1840இல் வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் கணக்குப் போட்டு உருவாக்கியதுதான் முதல் போர்ட்ரெய்ட் லென்ஸ் என்று சொல்லப்படுவது; ஃபோக்ட்லாண்டர் அதைச் செய்து விற்றார். அன்றைய டாகுரோடைப் என்ற ஒளிப்படத் தகட்டுக்கு நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது. பெட்ஸ்வால் லென்ஸின் எஃப்3.6 அளவுத் துவாரம் அதை ஒரு நிமிடத்துக்கும் கீழே இறக்கியது. மனிதன் முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார வேண்டிய நேரம் குறைந்தது, அதுதான் அன்றைய வெற்றி.

நமக்கும் அந்த வேலைதான் முக்கியம். மழை இருட்டில், ஒரு டியூப் லைட் எரியும் ஹாலில், ஷட்டரை 1/100 விநாடியில் வைத்தால் எஃப்1.7க்கு ஐ.எஸ்.ஓ., அதாவது சென்சாரின் ஒளி உணர்வு எண், 900, 1000 பக்கம் போதும். கிட் லென்ஸின் எஃப்5.6க்கு அதே இடத்தில் 10,000ஐத் தொட வேண்டும்; பட்டுப்புடவையின் ஜரிகை மணல் கொட்டின மாதிரி ஆகிவிடும். 1/100 எதற்கென்றால், நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூபின் வெளிச்சம் விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்குகிறது. 1/100, 1/50 என்று அதோடு ஒத்துப்போகாவிட்டால் படத்தின் குறுக்கே பட்டை விழலாம், ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது பச்சையாகவும் வரலாம். எந்த லென்ஸ் வாங்கினாலும் இது மாறாது.

ஆயிரம் வெள்ளிக்குள்

இனி கடைக்குப் போகலாம். அவன் கேமராவின் மவுண்டுக்கு, அதாவது லென்ஸ் மாட்டும் வாய்க்கு, எனக்குப் பட்டது இவ்வளவுதான். வில்ட்ராக்ஸ் 56 எஃப்1.7, 2024இல் வந்தது, 139 அமெரிக்க டாலர் என்று அறிமுகமானது. 170 கிராம் அளவு. சீனாவின் ஷென்சென் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு விலையை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றன என்பதற்கு இதுவே போதும். சிக்மா 56 எஃப்1.4 அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் விலை, 280 கிராம், திறந்த துவாரத்திலேயே ஓரம் வரை கூர்மை. எனக்குக் கல்யாண வருமானம் இருந்தால் அதைத்தான் வாங்குவேன், வேறு யோசனையே இல்லை. ஃபியூஜியின் 50 எஃப்2 மழைத் தூறலைத் தாங்கும்படி சீல் செய்யப்பட்டது, ஆனால் எக்ஸ்-டி30 அப்படி இல்லை என்பதால் பாதிப் பாதுகாப்பு. ஃபியூஜியின் 56 எஃப்1.2 பட்ஜெட்டுக்கு வெளியே. 35 எஃப்2 மலிவு, குடும்பத்தோடு எடுக்க அருமை, ஆனால் தலையும் தோளும் மட்டும் வேண்டுமென்றால் ஒரு மீட்டருக்குள் போக வேண்டும். அங்கே மூக்கு பேச ஆரம்பிக்கும்.

வேறு கம்பெனி வைத்திருப்பவர்கள் கேட்பார்கள் என்பதால்: கேனான் ஆர்.எஃப். 50 எஃப்1.8 எடை 160 கிராம், சிறிய சென்சாரில் 80 மாதிரி. சோனிக்காரர்கள் ஏ6400 போன்ற, உடலுக்குள் நடுக்கத் தடுப்பு இல்லாத கேமரா வைத்திருந்தால் இ 50 எஃப்1.8 ஓ.எஸ்.எஸ். பார்க்கலாம், லென்ஸிலேயே அந்த வசதி இருக்கிறது. ஒலிம்பஸ் 45 எஃப்1.8, 2011இல் வந்தது, வெறும் 116 கிராம். நான் பார்த்த வரையில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போக முடிகிற ஒரே போர்ட்ரெய்ட் லென்ஸ்.

சோவியத் காலத்து ஹீலியோஸ் 44-2ஐ அடாப்டர் போட்டு மாட்டலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. மாட்டலாம். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் சென்சாருக்கும் மவுண்டுக்கும் நடுவில் இடைவெளி குறைவு, ஃபியூஜியில் 17.7 மில்லிமீட்டர், ஹீலியோஸ் மாதிரி எம்42 மவுண்ட் லென்ஸுக்கு 45.5 வேண்டும், மீதியை அடாப்டர் நிரப்பும். பின்னணி சுழன்றுகொண்டு அழகாகத்தான் வரும். ஆனால் கையால் ஃபோகஸ் திருப்பிக்கொண்டே பாட்டியிடம் பேச்சுக் கொடுக்க எனக்கு வராது. கண் ஃபோகஸ் என்கிற வசதி வந்த பிறகு நமக்குக் கிடைத்த பெரிய சுதந்திரம், படம் எடுக்கும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பது. அதை ஏன் விட வேண்டும்?

செகண்ட் ஹேண்ட் என்றால் நம் ஊரில் முதல் எதிரி பூஞ்சை. பினாங்கின் ஈரப்பதம் வருஷம் முழுக்க 80 சதவீதத்தைச் சுற்றித்தான். ஒரு விற்பனையாளர் "மிண்ட் கண்டிஷன்" என்று போட்டிருந்த ஒரு 50ஐப் பார்க்க இருவரும் போனோம். அங்கிருந்த மஞ்சள் விளக்கில் பளபளவென்று இருந்தது. போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து, துவாரத்தை முழுக்கத் திறந்து, முன்பக்கம் வழியாகப் பார்த்தோம். உள்கண்ணாடியின் ஓரத்தில், சுமார் நாலு மணி திசையில், நரைமுடி மாதிரி மெல்லிய இழைகள், ஒரு புள்ளியிலிருந்து கிளை பிரிந்து பிரிந்து பரவியிருந்தன. தூசி இப்படிக் கிளைவிடாது. "அது ஒண்ணும் இல்ல பாஸ், படத்துல தெரியாது" என்றார் அவர். இப்போதைக்குத் தெரியாதுதான், பூச்சை அரித்துவிட்டால் அப்புறம் துடைத்தாலும் போகாது. ஒரு தே தாரிக் குடித்துவிட்டுத் திரும்பினோம். புது லென்ஸ் வாங்கினாலும் இதே கதி வராமலிருக்க டிரை கேபினட் வேண்டும், இல்லையென்றால் காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. 40இலிருந்து 50 சதவீதத்தில் நின்றால் போதும். இந்தச் செலவையும் ஆயிரத்துக்குள் சேர்த்துக் கணக்குப் போடச் சொன்னேன். அங்கேதான் 85 அவன் பட்டியலிலிருந்து தானாக விழுந்தது, என் வாதத்தால் இல்லை.

கடைசியில் அவன் வாங்கியது வில்ட்ராக்ஸ் 56 எஃப்1.7. நான் 50 எஃப்2க்கு இழுத்தேன். வளையங்களின் இறுக்கம், கையில் பிடிக்கிற திடம் எல்லாம் எனக்குப் பிடிக்கும். "அந்தக் காசுக்கு இது ஒண்ணும், டிரை கேபினட் ஒண்ணும் வருது மாமா" என்றான். மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. அம்மாவின் படத்தை மட்டும் புது லென்ஸில் இன்னொரு தடவை எடுத்தான், அதே ஸ்டூல், எஃப்4, மூக்குத்திக் கல் ஏழும் எண்ண முடிகிறது. பிரிண்ட் கடையில் கேட்காமலே முகச் சுருக்கத்தை எல்லாம் வழித்து, கன்னத்தை ரோஜா நிறமாக்கிக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு அது பிடித்துப்போய்விட்டது. ஒன்று திருத்தாமல், ஒன்று ரோஜா கன்னத்தோடு என்று இரண்டு பிரதி இப்போது வீட்டில் இருக்கிறது. பேப்பருக்கு எது என்று கேட்டால், அதை இப்போ என்ன அவசரம் என்கிறார்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் காவடி எடுக்கிறவர்களைப் படம் பிடிக்கப் போகிறானாம், 56 போதுமா என்று நேற்று கேட்டிருந்தான். போதாது என்று எழுதினேன். அலகு குத்தி அருள் வந்து ஆடி வருகிறவரின் முகத்துக்கு முன்னால் ஒன்றரை மீட்டரில் போய் நிற்பது சரியும் இல்லை, உறுமி மேளக்காரர்கள் நிற்க விடவும் மாட்டார்கள். ஓரமாக, எட்டத்தில் நின்று எடுக்க வேண்டும். அந்த இடத்துக்கு 85தான். நண்பனிடம் மறுபடியும் இரவல் கேட்டிருக்கிறான். அந்த நண்பனும் அன்றைக்கு அங்கேதான் இருப்பானாம், அதே லென்ஸோடு.